எரிக்கிற காசும் நடுகிற காசும்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் மண்டைதீவிலிருந்து வந்திருந்த குழுவினர் ஆற்றிய உரை. பேசியபடியே இங்கு தரப்படுகிறது.)



கடற்கரைச் சனம் மலைக்கு ஏறி வந்து என்னத்தைப் பேசப் போகுது என்று நீங்கள் யோசிக்கலாம். எங்கட பேச்சும் உங்கள் காதுக்குக் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். விளங்காத இடத்தில் கையை உயர்த்துங்கள், திருப்பிச் சொல்லுவோம். நாங்கள் பேச வந்தது கரண்டைப் பற்றி. அது உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான விஷயம்.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் கடலைக் கடந்தால் முதலில் வருகிற தீவு எங்கள் மண்டைதீவு. அந்த வீதி அப்படியே அல்லைப்பிட்டி, வேலணை என்று போய் ஊர்காவற்றுறை வரைக்கும் செல்லும். வேலணையிலிருந்து இன்னொரு வீதி புங்குடுதீவுக்குப் போய் குறிகாட்டுவான் இறங்குதுறையில் முடியும். வீதி போகிற இடமெல்லாம் மின்கம்பியும் போகிறது. குறிகாட்டுவானுக்கு அங்கால் வீதியும் இல்லை, கம்பியும் இல்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகில்தான் போகவேண்டும். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் அனலைதீவும் எழுவைதீவும் அப்படித்தான்.

எங்கள் வீட்டு விளக்கு எரிகிற கரண்ட் எங்கிருந்து வருகிறது? அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு வருகிற பெரிய கம்பியிலிருந்து வருகிறது. அந்தக் கம்பியில் லக்ஷபானத் தண்ணீரின் பலமும் கலந்திருக்கிறது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மவுசாகலை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. உங்கள் மலை ஊர் மூழ்கி வந்த வெளிச்சத்தில்தான் கடற்கரையில் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதற்கு முதலில் நன்றி சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

கம்பி போகாத தீவுகள்

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் கரண்ட் கொடுத்தது டீசல் இயந்திரங்கள். டீசலைப் பவுசரில் கொண்டுவந்து, இறங்குதுறையில் இறக்கி, கடல் கடத்தி, அங்கே எரித்து வெளிச்சம் எடுக்கவேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இயந்திரம் பழுதானால் திருத்துகிற ஆளும் சாமானும் கடல் கடந்துதான் வரவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சிறிய இயந்திரம் ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 3 யூனிட் கரண்ட்தான் தரும். ஆனால் தீவுச் சனத்துக்கும் நாட்டின் மற்ற எல்லோருக்கும் ஒரே கட்டணப் பட்டியல்தான். அது நியாயமான ஏற்பாடு, நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் யூனிட்டுக்குச் செலவானது ஒரு தொகை, பில்லில் வந்தது அதைவிட மிகக் குறைந்த தொகை. நடுவில் விழுந்த துண்டைக் கட்டியது மின்சார சபை, அதாவது பொதுப் பணம். அரசாங்கம் அந்தத் தீவுகளுக்குச் செலவழிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாதமும் செலவழித்தது, செலவழித்ததை எல்லாம் எரித்தது. அடுத்த மாதம் திரும்ப முதலிலிருந்து வாங்கவேண்டும்.

இதைத்தான் நாங்கள் எரிக்கிற காசு என்று சொல்கிறோம். நடுகிற காசு வேறு. அதை உங்களைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? ஒரு மலையில் பழைய செடியைப் பிடுங்கித் தேயிலைக் கன்று நடவேண்டுமென்றால் முதலில் கைக்காசு போகும். மூன்று நான்கு வருடத்துக்குச் சரியான கொழுந்து இல்லை. பிறகு முப்பது நாற்பது வருடம் அந்தச் செடி சம்பளம் கொடுக்கும். நடாமல் இருக்கிற தோட்டத்தில் இன்றைக்குச் செலவு மிச்சம், பத்து வருடம் கழித்துப் பேர் போட வேலை இல்லை. சூரியத் தகடும் காற்றாலையும் தேயிலைக் கன்று மாதிரி. செலவெல்லாம் நடும்போதுதான். நட்ட பிறகு வெயிலுக்கும் காற்றுக்கும் யாரும் பில் அனுப்புவதில்லை.

காற்றும் வெயிலும் எங்களிடம் குறைவில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் சோளகம் வீசும், மாரியில் வாடைக்காற்று. இரண்டுக்கும் நடுவில் காற்று ஓய்கிற மாதங்களில் வெயில் மண்டையைப் பிளக்கும்.

மூன்று தீவுகளின் கதை

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. எழுவைதீவில் சூரியன், காற்று, பற்றரி, இயந்திரம் எல்லாம் சேர்ந்த சிறிய நிலையம் ஒன்று முன்னமே போட்டுப் பார்த்தார்கள். பிறகு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் ஆசிய அபிவிருத்தி வங்கியின் பணத்தில் செய்வதென்று திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் அமைச்சரவை அந்த வேலையை ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுக்கத் தீர்மானித்தது. தன்னுடைய கரைக்குக் கிட்ட இருக்கிற தீவுகளில் சீனக் கம்பனி வருவதை இந்தியா விரும்பவில்லை. அந்த வருட முடிவில் வேலை நின்றுபோனது. 2022 மார்ச்சில் இந்தியா தானே நன்கொடையாகச் செய்து தருவதாக உடன்படிக்கை வந்தது. வேலைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 மார்ச் 1ஆம் திகதி. 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடை. 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று மின்சாரம், 2,400 யூனிட் பிடிக்கிற பற்றரி, இதெல்லாம் கைவிட்டால் ஓடுவதற்கு 2,500 கிலோவாட் டீசல் இயந்திரம். இதுதான் அந்தத் திட்டம்.

வேலை செய்கிற விதம் இலகுவானது. பகலில் தகடும், காற்று வீசுகிறபோது காற்றாலையும் கரண்ட் தரும். மிஞ்சியது பற்றரிக்குள் போகும். இரவில் பற்றரி கொடுக்கும். மூன்றும் போதாத நேரத்தில் மட்டும் டீசல் ஓடும். அந்தப் பற்றரிகள் ஒருமுறை நிரம்பினால் ஏறக்குறைய 800 லீற்றர் டீசல் மிச்சம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவு கரியமில வாயு வெளிவரும். 800 லீற்றருக்கு 2 தொன்னுக்கு மேல். ஒரே ஒரு இரவுக்கு இவ்வளவு.

கொடுத்தவருக்கு நன்றி சொல்லவேண்டும், சொல்கிறோம். ஆனால் எங்கள் மனதில் ஒரு கேள்வி உண்டு. 2021 ஜனவரிக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில் மூன்று வருடத்துக்கு மேல் போனது. இரண்டு பெரிய நாடுகள் ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்துக்கொண்டிருந்த காலம் முழுக்கத் தீவுச் சனம் டீசல் புகைக்குக் கீழே இருந்தது. நயினை அம்மனைக் கும்பிட வந்த யாத்திரிகருக்கும், நாகதீப விகாரைக்கு வந்தவருக்கும் அதே டீசல் விளக்குத்தான். அரசாங்கம் தன் சொந்த முதலை ஒதுக்கியிருந்தால் யாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கத் தேவையில்லை. எங்கட விளக்கு வேறு யாரோ விளையாடுகிற சதுரங்கத்தில் காயாக இருக்கக் கூடாது.

2022ஐ மறக்க வேண்டாம்

வெளியிலிருந்து வாங்கி எரிக்கிற பழக்கம் என்ன செய்யும் என்று 2022 எங்களுக்கெல்லாம் காட்டியது. நாட்டில் டொலர் இல்லை. டொலர் இல்லாததால் எண்ணெய் இல்லை. அந்த மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. கடற்றொழிலாளிக்கு அது வலையில் அடி, லயத்தில் குப்பி விளக்கு வைத்திருந்த குடும்பத்துக்கு அது அடுப்பில் அடி. அந்த நாட்களில் வெயிலுக்கும் காற்றுக்கும் தட்டுப்பாடு வரவில்லை. அவற்றைப் பிடிக்கிற சாமான்தான் போதாமல் இருந்தது.

எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு இது புதிது அல்ல. 1990இல் தீவை விட்டு இடம்பெயர்ந்தோம். அதற்குப் பிறகு யாழ்ப்பாணம் பல வருடம் கரண்ட் இல்லாமல் இருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதித்து, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். கையில் இருக்கிற பலத்தை வைத்துக் கரண்ட் எடுக்கலாம் என்று அப்போது படித்த பாடம் அது.

எண்ணெய் எரிப்பதில் இன்னொரு கேடும் உண்டு. சுன்னாகத்தில் எண்ணெயால் ஓடிய மின் நிலையம் ஒன்றின் கழிவு கிணற்றுத் தண்ணீரில் கலந்து பெரிய வழக்காகி, 2019இல் உயர் நீதிமன்றம் அந்தத் தனியார் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை, கிணறுதான் உயிர். கிணறு கெட்டால் காசு வந்து என்ன பயன்?

சூடேறுகிற உலகம்

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறோம். நிலக்கரி, டீசல், பெற்றோல் எரிப்பதால் வருகிற கரியமில வாயு வானத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. அது பூமிக்குப் போர்த்திய கம்பளி மாதிரி. வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்திய காலத்தில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்கு இருந்த அந்த வாயு இப்போது 420க்கு மேல். அந்தப் பழைய காலத்தைவிட உலகச் சூடு ஒன்றரைப் பாகை கூடிய முதல் வருடமாக 2024 கணக்காகிவிட்டது.

சூடு ஒரு பாகை கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். சுமந்ததை ஒரு நாள் கொட்டும். அதனால்தான் மழை வந்தால் ஒரேயடியாக, வராவிட்டால் வரட்சி. உங்களுக்கு இரண்டும் தெரியும். வரட்சியில் கொழுந்து கருகும், கிலோ வராது, பேர் அரைப்பேர் ஆகும். பெருமழையில் மலை இறங்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை எந்தத் தோட்டக் குடும்பமும் மறக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையகத்து மண்சரிவுகளின் பங்கு அதில் பெரிது. ஒவ்வொரு மண்சரிவுக்கும் உலகச் சூடு மட்டும்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. லயம் கட்டிய இடம், வெட்டிய மரம், அடைத்த வாய்க்கால் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் மழையின் கனத்தைக் கூட்டிவிடுவது இந்தச் சூடு.

எங்களுக்குக் கடல். 1900ஆம் ஆண்டிலிருந்து உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாண் அளவு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எங்கள் தீவுகள் தட்டையானவை. சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நல்ல தண்ணீர் மிதக்கிறது. கடல் ஏற ஏற அந்தப் படை மெலியும், கிணறு உவர்க்கும். உங்களுக்கு மேலிருந்து மலை, எங்களுக்குக் கீழிருந்து கடல்.

“இலங்கை எரிப்பது உலகத்தோடு பார்த்தால் ஒரு துளி. நாங்கள் நிறுத்தி என்ன ஆகப் போகுது?” என்று சிலர் கேட்பார்கள். உண்மை, ஒரு துளிதான். அதனால் உலகத்தைக் காப்பாற்றவே காற்றாலை போடுவோம் என்று நாங்கள் பெருமை பேச வரவில்லை. எரிக்கிற காசு எங்களை ஏழையாக்குகிறது, நடுகிற காசு எங்களைச் சொந்தக் காலில் நிற்க வைக்கிறது. உலகத்துக்குச் செய்கிற நன்மை அதோடு சேர்ந்து வருகிறது. இன்னொன்று, நாங்கள் துப்பரவாக நடந்துவிட்டால் பெரிய நாடுகளிடம் “உங்கள் புகைக்கு எங்கள் மலை இறங்குது, நட்டஈடு தாருங்கள்” என்று கேட்கும்போது குரல் கணீரென்று வரும்.

ஏன் அரசாங்கம்?

காற்றாலையைத் தனியார் போடட்டுமே என்று கேட்கலாம். போடட்டும். ஆனால் முதலாளி இலாபம் உள்ள இடத்துக்குத்தான் போவார். சில ஆயிரம் பேர் இருக்கிற தீவுக்கோ, மலை உச்சியில் இருக்கிற டிவிசனுக்கோ அவர் ஏன் வரவேண்டும்? இடையில் விட்டுவிட்டும் போகலாம். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலை போட அதானி கம்பனிக்கு அனுமதி கொடுத்தார்கள். விலையைப் பற்றி இழுபறி வந்தது. 2025 பெப்ரவரியில் விலகுகிறோம் என்று அவர்கள் அறிவித்தார்கள். அது அவர்கள் உரிமை. அரசாங்கத்தால் அப்படி விலக முடியாது. அதற்குத்தான் அது அரசாங்கம்.

அரசாங்கத்தால் முடியாது என்பதும் சரியில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திர மலைத் தண்ணீரில் கரண்ட் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதினார். லக்ஷபான ஓடியது 1950இல். தாமதித்தார்கள், ஆனாலும் பொதுப் பணத்தில் செய்தார்கள், இன்றைக்கும் அது கரண்ட் தருகிறது. 1999இல் அம்பாந்தோட்டையில் மின்சார சபை 3 மெகாவாட்டில் காற்றாலை போட்டுப் பார்த்தது. 2020 டிசெம்பரில் மன்னாரில் ‘தம்பபவனி’ திறந்தது. 30 காற்றாலைகள், 100 மெகாவாட்டுக்கு மேல். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் அரசு கட்டி, அரசே சொந்தமாக வைத்துக்கொண்டது. கடன்தானே என்பீர்கள். நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் கடனில் கட்டியதுதான். அங்கே கடனும் கட்டி, கப்பல் கப்பலாக நிலக்கரியும் வாங்கவேண்டும். மன்னாரில் கடன் தீர்ந்தால் காற்று இலவசம்.

உங்களில் பலருக்குத் தமிழ்நாட்டில் உறவினர் இருப்பார்கள். அங்கே 1986இல் தூத்துக்குடிப் பக்கத்தில் அரசாங்கம்தான் முதலில் சில காற்றாலைகளை நட்டுக் காட்டியது. ஓடுகிறது என்று கண்ட பிறகுதான் தனியார் வந்தார்கள். இன்றைக்கு முப்பந்தல் கணவாயும் சேர்த்துத் தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்று மின்சாரம். முதல் அடி வைக்கிற துணிச்சலுக்குத்தான் பொதுப் பணம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2025இல் மன்னார்ச் சனம் புதிய காற்றாலைகளை எதிர்த்து வீதியில் நின்றது. வெள்ளம் வடிகிற வழி அடைபடுகிறது, பறவைகள் வருகிற இடம் கெடுகிறது, எங்களைக் கேட்காமல் செய்கிறீர்கள் என்றார்கள். அவர்கள் காற்றுக்கு எதிரிகள் இல்லை. கேட்காமல் செய்வதற்கு எதிரிகள். மஸ்கெலியாவை மூழ்கடித்த காலத்து முறையில் காற்றாலை நடக்கூடாது. ஊரைக் கேட்டு, ஊருக்கு விளக்கி, ஊருக்கும் பங்கு கொடுத்து நடவேண்டும். அரசாங்கக் காசு என்றால் எங்கள் காசு. அதைப் பற்றிக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

தோட்டத்தில் என்ன செய்யலாம்?

காற்று தீவில் என்றால் உங்களுக்கு ஓடைத் தண்ணீர். வெள்ளைக்காரன் காலத்திலேயே தோட்டங்களில் ஓடையை மறித்து, சில்லு சுழற்றி, ஸ்டோரில் கொழுந்து அரைத்தார்கள். பெரிய கம்பி வந்த பிறகு அவற்றில் பல கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன. 1990களின் பிற்பகுதியிலிருந்து உலக வங்கி உதவியோடு கிராமங்களில் சிறிய நீர்மின் நிலையங்கள் போட்டார்கள். கிராமத்தவர்களே மின் பாவனையாளர் சங்கம் அமைத்து, தாங்களே பராமரித்து, தாங்களே கட்டணம் சேர்த்தார்கள். ஆகவே இது கனவு அல்ல, நடந்த காரியம்.

உங்களிடம் எங்கள் வேண்டுகோள் நாலே நாலு. உங்கள் பிரதேச சபை உறுப்பினரோ, பாராளுமன்ற உறுப்பினரோ, தொழிற்சங்கத் தலைவரோ வந்தால் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

முதலாவது, எங்கள் தோட்டத்து ஓடையில் சிறு நீர்மின் நிலையம் போட முடியுமா, போட்டால் லயத்துக்கும் கரண்ட் வருமா, கம்பனி விற்பதற்கு மட்டும்தானா?

இரண்டாவது, புதிதாகக் கட்டுகிற தனி வீடுகளின் கூரையில் சூரியத் தகடு சேர்த்துக் கட்ட அரசாங்கம் காசு ஒதுக்குமா? பத்து வருடத்துக்குள் தகட்டின் விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக விழுந்துவிட்டது. கூரை போடும்போதே போடுவதுதான் மலிவு.

மூன்றாவது, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளை மடுவத்துக்கும் முதலில் பற்றரியோடு தகடு கிடைக்குமா? மண்சரிவு வந்து கம்பி அறுந்தால் சனம் போய் நிற்கிற இடம் அதுதானே.

நாலாவது, வருகிற வரவு செலவுத் திட்டத்தில் டீசலும் நிலக்கரியும் வாங்க எவ்வளவு, காற்றும் வெயிலும் நட எவ்வளவு? இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒன்றே போதும், பல பேச்சுக்கு முடிவு தெரிந்துவிடும்.

நாங்களும் ஊருக்குத் திரும்பிப் போய் இதே கேள்விகளைக் கேட்போம். மலையில் ஒரு குரலும் தீவில் ஒரு குரலும் தனித்தனியாக எழும்பினால் கொழும்புக்குக் கேட்காது. கம்பியின் இரண்டு முனையில் இருக்கிறவர்கள் நாங்கள். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் நடுவில் இருக்கிறவர் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும்.